புதுக் கணினியில் மென்பொருள் ஏற்றுவதும் பாட்டுகளைக் கொண்டுபோவதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுக் கணினிக்கு மாறும்போது இரண்டு வேலைகள் ஆளைப் படுத்தி எடுக்கும். வேண்டிய மென்பொருள்களை எல்லாம் மறுபடி ஏற்ற வேண்டும். வருஷக்கணக்காகச் சேர்த்த பாட்டுகளைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கும், அங்கிருந்து போனுக்கும் பென் டிரைவுக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டிலும் நான் முட்டி மோதித்தான் வெளியே வந்தேன். பிழைச் செய்தி ஒரு இடத்தில் வரும். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய படியில் இருக்கும். அதனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையிலேயே இதை எழுதுகிறேன். விண்டோஸை மனதில் வைத்து எழுதியது. மேக்கில் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிமச் சாவி, வாங்கியபோது வந்த ரசீது மின்னஞ்சல், எந்த மின்னஞ்சல் முகவரியில் கணக்கு தொடங்கினீர்கள் என்ற விவரம், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். அது நின்றுபோன பிறகு சாவியைத் தேடுவது பெரும்பாடு.

புதுக் கணினியில் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு யாராவது கணினியை அமைத்துத் தந்திருந்தால் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பாதி மென்பொருள்கள் உள்ளேயே நுழையாது.

செலவைப் பொறுத்தவரை, இந்தக் கட்டுரையில் வரும் மென்பொருள்கள் கிட்டத்தட்ட எல்லாமே இலவசம். காசு போவது சாமான்களுக்குத்தான்: பாட்டுகள் மொத்தமும் கொள்ளும் அளவுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு நல்ல யுஎஸ்பி கேபிள், சிடிக்கள் வைத்திருப்பவர்களுக்கு யுஎஸ்பியில் செருகும் சிடி டிரைவ். 'ஒரே கிளிக்கில் பாட்டுகளை மாற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் கட்டண மென்பொருள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவை செய்யும் வேலையைக் கீழே உள்ள முறைகளிலேயே செய்துவிடலாம்.

2. உங்கள் கணினி எந்த வகை என்று பாருங்கள்

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட். அங்கே 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 32-பிட்டா, 64-பிட்டா, ஏஆர்எம் வகையா என்று இருக்கும். விண்டோஸ் 11 ஓடினால் 32-பிட் பற்றிய கவலையே இல்லை, அந்தப் பதிப்பு 32-பிட்டில் கிடையாது. 64-பிட் கணினியில் 32-பிட் மென்பொருள் ஓடும். 32-பிட் கணினியில் 64-பிட் மென்பொருள் ஓடாது.

ஏஆர்எம் சில்லு உள்ள மடிக்கணினி என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். விண்டோஸ் 11 மற்ற கணினிகளுக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களைப் பெரும்பாலும் ஓட்டிவிடும். ஆனால் டிரைவர்கள் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்க உதவும் மென்பொருள்கள்) ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய பிரிண்டரோ ஒலிக் கருவியோ வைத்திருந்தால் அதற்கு ஏஆர்எம் டிரைவர் உண்டா என்று தயாரித்தவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி 'எஸ் மோட்'. சில புது மடிக்கணினிகள் இந்த நிலையில்தான் வருகின்றன. இதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டும்தான் ஏற்ற முடியும். வெளியிலிருந்து இறக்கிய எதுவும் ஓடாது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்து இதை விட்டு வெளியே வரலாம். காசு கிடையாது. ஆனால் வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது, அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதிலேயே இருப்பவர்கள், ஏற்றப்போகும் மென்பொருளின் புதுப் பதிப்பு அதில் ஓடுமா என்று இறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மேக்கில், ஆப்பிள் குறியின் கீழ் 'அபௌட் திஸ் மேக்' பாருங்கள். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து 32-பிட் மென்பொருள்கள் எதுவும் ஓடாது. பழைய மேக்கில் நன்றாக ஓடிய ஒன்று புதியதில் திறக்க மறுத்தால் பல நேரம் காரணம் இதுதான்; மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்து பயனில்லை.

3. எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதில் பாதி வேலை முடிகிறது

தேடுபொறியில் மென்பொருளின் பெயரைத் தட்டினால் மேலே வரும் முதல் ஓரிரண்டு முடிவுகள் விளம்பரமாக இருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு, தயாரித்தவர்களின் சொந்தத் தளம் எது என்று பார்த்து அங்கே போங்கள். இலவச மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் தளங்களில் ஒரே பக்கத்தில் மூன்று நான்கு 'டவுன்லோட்' பொத்தான்கள் இருக்கும்; அவற்றில் பெரிய பச்சைப் பொத்தான் அநேகமாக விளம்பரம்.

இறக்கிய கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பார்த்தால் யார் கையொப்பமிட்டது என்று தெரியும். சிறிய இலவச மென்பொருள்கள் சிலவற்றில் கையொப்பம் இல்லாமல் போகலாம், அது தவறில்லை. பெரிய நிறுவனத்தின் மென்பொருளில் வேறு பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள்.

புதியவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது ஜிப் கோப்பில். ஜிப்பை இருமுறை கிளிக் செய்தால் விண்டோஸ் அதை ஒரு ஃபோல்டர் போலவே திறந்து காட்டும். அப்படியே உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால், கூட இருக்கும் கோப்புகள் கண்ணில் படாமல் 'ஃபைல் நாட் ஃபௌண்ட்' என்று ஏதாவது வரும். முதலில் வலது கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுங்கள். அப்புறம் விரித்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுங்கள்.

மேக்கிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. டிஎம்ஜி கோப்பைத் திறந்ததும் வரும் சாளரத்திலேயே மென்பொருளை ஓட்டாதீர்கள். அதை இழுத்து அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டு, டிஎம்ஜியை வெளியேற்றிய பிறகு திறங்கள். இல்லாவிட்டால் கணினியை அணைத்துப் போட்டதும் மென்பொருளைக் காணோம் என்று தேடுவீர்கள்.

4. நிறுவும்போது வரும் பிழைகள்

'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி' என்ற நீலத் திரை வந்தால் அது வைரஸ் இருக்கிறது என்று பொருளல்ல. அந்தக் கோப்பை விண்டோஸுக்கு முன்பின் தெரியாது, அவ்வளவுதான். மூன்றாம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் மட்டும் 'மோர் இன்ஃபோ' அழுத்தி 'ரன் எனிவே' கொடுங்கள். மேக்கில் இதே தடை வந்தால் சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், கீழே இறங்கி 'ஓப்பன் எனிவே' கொடுக்க வேண்டும். கண்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து திறக்கும் பழைய வழி சிகோயா பதிப்பிலிருந்து இல்லை.

ஏதோ ஒரு டிஎல்எல் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) இல்லை என்ற செய்தி அடுத்தது. 'விசிரன்டைம்140', 'எம்எஸ்விசிபி140' என்ற பெயர்கள் அதில் இருந்தால், உங்கள் கணினியில் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று பொருள். அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். 64-பிட் கணினியாக இருந்தாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டு பதிப்புகளையும் ஏற்றிவிடுங்கள், ஏனென்றால் 32-பிட் மென்பொருள் எக்ஸ்86 பதிப்பைத்தான் தேடும். அந்த ஒற்றை டிஎல்எல் கோப்பை மட்டும் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் ஏராளம். அந்தப் பக்கமே போகாதீர்கள். கோப்பில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நல்ல கோப்பாகவே இருந்தாலும் பதிப்பு பொருந்தாமல் அடுத்த பிழை வரும்.

1618 என்ற எண் வந்தால் வேறொரு இன்ஸ்டால் பின்னணியில் ஓடுகிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். அது முடியும்வரை பொறுத்திருந்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டினால் போதும்.

1603 கொஞ்சம் தொல்லை பிடித்தது. 'நிறுவல் தோற்றது' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. நான் பார்க்கும் வரிசை இது: சி டிரைவில் இடம் இருக்கிறதா, அதே மென்பொருளின் பழைய பதிப்பு அரைகுறையாக உட்கார்ந்திருக்கிறதா, நிர்வாகி உரிமையோடு ஓட்டினேனா. இடம் விஷயத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள். நிறுவும்போது கோப்புகள் முதலில் தற்காலிக ஃபோல்டரில் விரிந்து, பிறகுதான் உரிய இடத்துக்குப் போகும். ஆகவே மென்பொருளின் அளவைப் போல் இரண்டு மடங்கு காலி இடம் வேண்டும். டி டிரைவில் நிறுவினாலும் தற்காலிக ஃபோல்டர் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். பழைய பதிப்பை நீக்கவே முடியவில்லை என்றால், 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்' என்று மைக்ரோசாஃப்டே ஒரு கருவி தருகிறது. அது எஞ்சிய பதிவுகளைத் துடைத்துவிடும்.

ஐட்யூன்ஸ் மாதிரி இசை மென்பொருள்கள் சில கணினிகளில் மட்டும் மீடியா அம்சங்கள் இல்லை என்று முறைத்துக்கொள்ளும். அபௌட் பக்கத்தில் விண்டோஸ் பதிப்பின் பெயருக்குப் பின்னால் 'என்' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். அந்தப் பதிப்பில் மீடியா கூறுகளைச் சேர்க்காமல்தான் தருகிறார்கள். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியிலிருந்து 'மீடியா ஃபீச்சர் பேக்' சேர்த்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

5. பாட்டுகள் உண்மையிலேயே உங்களிடம் இருக்கின்றனவா?

கேபிளைச் செருகும் முன் இதைப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் செயலிகளில் 'டவுன்லோட்' செய்தவை உங்கள் கோப்புகள் அல்ல. அவை பூட்டப்பட்டு அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். பென் டிரைவில் போட்டாலும் பாடாது. புதுக் கணினியில் அதே கணக்கில் நுழைந்து மறுபடி இறக்குவதுதான் வழி.

ஐட்யூன்ஸில் 2009க்கு முன் வாங்கியவை எம்4பி என்று முடியும் கோப்புகளாக இருந்தால் அவற்றிலும் பூட்டு உண்டு. வாங்கிய கணக்கால் அங்கீகரித்த கணினியில்தான் பாடும். ஒரு கணக்குக்கு 5 கணினிகள் வரைதான் அனுமதி. எம்4ஏ என்று முடிபவற்றைச் சாதாரணமாக எங்கும் கொண்டுபோகலாம்.

அடுத்தது மேகச் சேமிப்பு. ஒன்டிரைவ் இயங்கும் கணினியில் மியூசிக் ஃபோல்டரில் பாட்டுகள் வரிசையாகத் தெரியும், ஆனால் பக்கத்தில் ஒரு மேகக் குறி இருக்கும். அந்தக் குறி உள்ள கோப்பு கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் நகலெடுத்தால் தோற்கும். இணையம் இருந்தால் ஒவ்வொன்றாக இறக்கி இறக்கி நகலெடுத்து மணிக்கணக்காக இழுக்கும். முந்தைய நாளே ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, பச்சைக் குறி வரும்வரை விட்டுவிடுங்கள்.

6. அளவும் நேரமும்

கேபிபிஎஸ் என்பது ஒரு வினாடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் தரவு என்ற கணக்கு. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. 5 நிமிடப் பாட்டு 5 எம்பி, ஆயிரம் பாட்டு 5 ஜிபி. 320 கேபிபிஎஸ் என்றால் அதைப் போல இரண்டரை மடங்கு. சிடியில் உள்ள ஒலி அப்படியே எடுத்தால் நிமிடத்துக்கு 10 எம்பி. அதை ஃப்ளாக் என்ற கோப்பு வடிவத்தில் சுருக்கினால் ஒலி கொஞ்சமும் குறையாமல் கிட்டத்தட்ட பாதியாகும்.

யுஎஸ்பி 2.0 துளையில் வினாடிக்கு 30 எம்பி கிடைத்தால் நல்ல வேகம். 50 ஜிபிக்கு அரை மணி நேரம். மலிவான பென் டிரைவில் எழுதும் வேகம் 10 எம்பிக்குக் கீழே போவதும் உண்டு, அப்போது ஒன்றரை மணி நேரத்தைத் தொட்டுவிடும். அவசரமாகப் புறப்படும் காலையில் இதைத் தொடங்காதீர்கள்.

128 கேபிபிஎஸ் பாட்டை 320 ஆக மாற்றினால் ஒலித் தரம் கூடாது. கோப்பு பெருக்கும், ஒலி சற்றுக் குறையவும் செய்யும். சிடி கையில் இருந்தால் ஃப்ளாக்கில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கும் காருக்கும் வேண்டிய எம்பி3 நகலை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

7. கணினியிலிருந்து கணினிக்கு

வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள், 'கட்' செய்யாதீர்கள். நடுவில் கேபிள் கழன்றாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

சில பாட்டுகள் மட்டும் அடம்பிடித்து நின்றுவிடும். பெயரைப் பாருங்கள். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள்குறி, சாய்கோடு இவற்றைக் கோப்பின் பெயரில் விண்டோஸ் ஏற்காது. மேக்கிலிருந்து வரும் பாட்டுகளில் கேள்விக்குறி சகஜம். இன்னொரு காரணம் நீளம்: ஃபோல்டர்களின் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்து 260 எழுத்துகளைத் தாண்டினால் பழைய விண்டோஸ் மரபுப்படி இயங்கும் மென்பொருள்கள் திணறும். பாடகர், ஆல்பம், இசையமைப்பாளர் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே திணித்திருந்தால் இது வரும். பெயரைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறுபடலாம். 'சைஸ்' மாறக் கூடாது.

ஐட்யூன்ஸ் வைத்திருப்பவர்கள் பாட்டுகளை மட்டும் எடுத்துப்போனால் பிளேலிஸ்ட், மதிப்பெண், எத்தனை முறை கேட்டது என்ற கணக்கு எல்லாம் போய்விடும். முதலில் ஃபைல் மெனுவில் லைப்ரரியைத் திறந்து 'ஆர்கனைஸ் லைப்ரரி', அதில் 'கன்சாலிடேட் ஃபைல்ஸ்' கொடுங்கள். அங்கங்கே சிதறிக் கிடப்பவை ஒரே ஃபோல்டருக்கு வரும். பிறகு ஐட்யூன்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, புதுக் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஐட்யூன்ஸைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். நகலெடுத்ததைக் காட்டுங்கள்.

8. ஆண்ட்ராய்டு போனுக்கு

போனைச் செருகியும் கணினியில் எதுவும் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் சார்ஜ் செய்யும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பியே இருக்காது. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கேபிள் சரி என்றால் போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுங்கள். 'சார்ஜிங் ஒன்லி' என்பதுதான் வழக்கமான அமைப்பு. அப்புறம் போனின் மியூசிக் ஃபோல்டரில் இழுத்துப் போடுவதுதான் வேலை.

மேக்கில் ஆண்ட்ராய்டு போன் தானாகத் தெரியாது. 'ஓப்பன்எம்டிபி' என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

9. ஐபோனுக்கு

இங்கேதான் பாட்டுகளைத் தொலைப்பவர்கள் அதிகம். ஐபோன் ஒரு நேரத்தில் ஒரு கணினியின் லைப்ரரியோடுதான் ஒத்திசையும். புதுக் கணினியில் செருகி 'சிங்க்' கொடுத்தால், போனில் உள்ளதை அழித்துவிட்டுப் புதியதைப் போடவா என்று கேட்கும். அந்தச் செய்தியைப் படிக்காமல் 'ஆம்' கொடுத்துவிடாதீர்கள். போனில் உள்ள பாட்டுகள் புதுக் கணினியில் இன்னும் இல்லை என்றால் 'கேன்சல்' கொடுத்து, முதலில் பழைய கணினியிலிருந்து லைப்ரரியைக் கொண்டுவாருங்கள்.

கணினியில் இசைப் பகுதியே ஒத்திசைக்க விடாமல் இருந்தால், போனில் மியூசிக் அமைப்புகளில் 'சிங்க் லைப்ரரி' இயங்குகிறதா பாருங்கள். அது இயங்கும்வரை கேபிள் வழியாகப் பாட்டு ஏறாது. அணைக்கலாம், ஆனால் ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கி வைத்த பாட்டுகள் போனிலிருந்து நீங்கிவிடும், தெரிந்தே செய்யுங்கள்.

ஃப்ளாக் கோப்புகளை ஆப்பிளின் மியூசிக் லைப்ரரி ஏற்காது. ஆப்பிளின் சொந்த இழப்பற்ற வடிவமான ஆலாக்குக்கு மாற்றலாம், ஒலி குறையாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது விஎல்சி. ஐபோனில் விஎல்சி செயலியை இலவசமாக ஏற்றி, அதில் வைஃபை வழிப் பகிர்வைத் திறந்தால் ஒரு முகவரி காட்டும். அதே வைஃபையில் உள்ள கணினியின் உலாவியில் அந்த முகவரியைத் தட்டி, பாட்டுகளை இழுத்துப் போட்டால் போதும். கேபிளும் வேண்டாம், ஒத்திசைவும் வேண்டாம்.

10. பென் டிரைவும் கார் ஸ்டீரியோவும்

கணினியில் பாடும் பென் டிரைவ் காரில் பாடவில்லை என்றால் ஃபார்மேட்டை, அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையை, பாருங்கள். பல கார் ஸ்டீரியோக்களுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் தெரியாது. 32 ஜிபிக்கு உட்பட்ட பென் டிரைவ் வாங்கினால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரத்திலேயே ஃபேட்32 தேர்ந்தெடுக்கலாம். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போகும், முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, பாட்டுகளுக்கு அது தடையில்லை.

பாட்டுகள் தாறுமாறான வரிசையில் வந்தால், அந்த ஸ்டீரியோ பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. பென் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடுகிறது. பெயரின் முன்னால் 01, 02 என்று எண் போட்டு, ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, அந்த வரிசையிலேயே மறுபடி நகலெடுங்கள்.

மேக்கில் நகலெடுத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடியாக, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட குட்டிக் கோப்பு ஒன்று சேரும். மேக்கில் கண்ணுக்குத் தெரியாது, காரில் தெரியும், பாடாமல் நிற்கும். ஒரு விண்டோஸ் கணினியில் பென் டிரைவைச் செருகி, மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அவற்றை அழித்துவிடலாம்.

நகலெடுப்பு முடிந்ததாகத் திரை சொன்னாலும் உடனே பிடுங்காதீர்கள். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள். கடைசிப் பாட்டு பாதியில் நிற்பது பலமுறை இதனால்தான்.

11. பெயர்கள் கட்டமாகவும் கிறுக்கலாகவும் தெரிந்தால்

பாட்டின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது: கோப்பின் பெயர் ஒன்று, கோப்புக்குள் பொதிந்த குறிப்பு இன்னொன்று. செயலிகள் காட்டுவது பெரும்பாலும் உள்ளே இருப்பதை. எம்பி3இன் பழைய குறிப்பு முறையில் தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம், தமிழுக்கு வழியே இல்லை. யூனிகோடு வருவதற்கு முன் தமிழ் எழுத்துருக்களில் தட்டி வைத்த பெயர்கள் இன்று மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

'எம்பி3டேக்' மென்பொருள் விண்டோஸில் இலவசம், மேக்கில் கட்டணம். அதில் ஃபோல்டரைத் திறந்து, பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயரிலிருந்தே குறிப்பை நிரப்பச் சொல்லலாம். நூறு பாட்டானாலும் ஒரே முறையில் முடியும். குறிப்பை எழுதும் முறை ஐடி3 2.3 (குறிப்பு முறையின் பதிப்பு), யூடிஎஃப்-16 (எழுத்துக் குறியாக்கம்) என்று இருக்கட்டும். பழைய கருவிகளுக்கும் புதியவற்றுக்கும் பொதுவாக ஒத்துப்போவது அதுதான். காரின் திரையில் தமிழ் எழுத்துருவே இல்லை என்றால் இதற்குப் பிறகும் கட்டம்தான் வரும். காருக்கென்று தனி நகல் எடுத்து, அதில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

12. பழைய கணினியைக் கடைசியில் தொடுங்கள்

புதியதில் எல்லாம் ஓடுகிறது, பாட்டுகள் முழுதாகப் பாடுகின்றன என்று சில வாரம் பார்த்த பிறகே பழையதைத் துடைக்க வேண்டும். துடைக்கும் முன் ஐட்யூன்ஸில் அக்கவுண்ட் மெனுவில் 'டீஆத்தரைஸ்' கொடுங்கள். கட்டண மென்பொருள்களிலும் உரிமத்தை விடுவிக்கும் வசதி இருந்தால் அங்கிருந்தே செய்யுங்கள். கணினி கையை விட்டுப் போன பிறகு, அனுமதித்த எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று வந்தால், ரசீதை வைத்துக்கொண்டு தயாரித்தவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் முடிந்ததும் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. யாருக்காவது கொடுக்கப்போகிறீர்கள் என்றால் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். அது சில மணி நேரம் எடுக்கும், சார்ஜரைச் செருகி வைத்துவிடுங்கள்.